ஸ்பிரிங் இருக்கிற பக்கம்

டொக், டொக், டொக், டொக், அப்புறம் ஒரு டக். நாற்பத்தாறு வருடத்துக்கு முன்னால் கேட்டது. பாப்பநாயக்கன்பாளையத்தில் ஒற்றை அறை வீடு, வெளியே மழை. மோட்டார் சைக்கிளை அறைக்குள்ளேயே ஏற்றி நிறுத்தி, பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் சப்பணமிட்டு உட்கார்ந்து, எஞ்சினின் இடது பக்கத்தில் ஒரு கறுப்பு ரப்பர் வளையத்தை மரச்சுத்தியால் தட்டி ஏற்றிக்கொண்டிருந்தார் மருதாசலம். கல்யாணமாகி மூன்று மாதம். நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வாயை மூடிக்கொண்டு யாரோ பேசுவதுபோல மெத்தென்று வந்துகொண்டிருந்த சத்தம் திடீரென்று வாயைத் திறந்தது. "மாறிருச்சு," என்றேன். அவர் கையை நிறுத்தித் திரும்பினார். "என்ன மாறிருச்சு?" "சத்தம்." வளையத்தின் ஓரத்தை விரலால் சுற்றித் தடவினார், இன்னொரு தட்டுத் தட்டிப் பார்த்தார், சிரித்தார். "ஆமா, சீல் உக்காந்துருச்சு. இந்தச் சத்தத்தக் கண்டுபிடிக்க எனக்கு ரெண்டு வருசம் ஆச்சு அம்மிணி. நீ வெண்டக்கா அரிஞ்சுட்டே சொல்ற." அப்போது அவர் ஒரு பம்ப் கம்பெனியில் ஃபிட்டர், பின்னால் ஃபோர்மேன் ஆனார். நான் கல்லூரியில் இலக்கியம் படித்துவிட்டு மாவட்ட நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கோபம் வந்தாலும் கொஞ்சல் வந்தாலும் என்னை "லைப்ரரி" என்று கூப்பிட ஆரம்பித்தது அந்த மழை நாளிலா, அதற்குப் பிறகா, நினைவில்லை. நினைவில்லை என்ற சொல்லை இப்போதெல்லாம் நான் லேசாகப் பயன்படுத்துவதில்லை. மனதுக்குள் சொல்லும்போதுகூட அது தரையில் விழுந்த கரண்டிபோல் சத்தம் போடுகிறது.

இன்றைக்கும் அதே வளையத்துக்காகத்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். வண்டி வேறு, வளையத்தின் வேலை அதேதான். எஞ்சினுக்குள் எண்ணெயில் நனைந்தபடி சுற்றுகிற தண்டு ஒன்று வெளியே தலை நீட்டிச் செயினை இழுக்கிறது. தண்டு வரலாம், எண்ணெய் வரக்கூடாது. அதைப் பார்த்துக்கொள்வது இந்த ஆயில் சீல். எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார், நான் கேட்காமலேயே. சம்சுதீனின் ஒர்க்‌ஷாப் எங்கள் தெருவிலிருந்து இரண்டாவது சந்து. தகரக் கூரை, மணி பத்தரை, அதற்குள் தகரம் காய்ந்து மேலே டிக் டிக்கென்று முனகுகிறது. எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கால் லேசாக வளைந்தது, உடம்பை வலப்பக்கம் சாய்த்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவர் நாற்காலி வேண்டாம் என்று ஒரு கவிழ்த்த டின்மேல் உட்கார்ந்திருக்கிறார், வேலை நடக்கும் இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, எழுபத்து நான்கு வயதில், முதுகு வளையாமல். பக்கத்தில் டயர் கடை. அங்கே காற்றடிக்கிற கம்ப்ரஸர் நினைத்துக்கொண்டாற்போல் ஓட ஆரம்பிக்கிறது, நினைத்துக்கொண்டாற்போல் நிற்கிறது. நிற்கும்போதுதான் எவ்வளவு இரைச்சலில் இருந்தோம் என்று தெரிகிறது. வண்டியை வீட்டிலிருந்து அவரே தள்ளிக்கொண்டு வந்தார். நான் கை வைக்கப் போனபோது, "நீ புடிச்சா எனக்கு ரெண்டு வண்டி தள்றாப்புல இருக்கும்," என்றார். நல்ல தெளிவாக இருக்கிற நாள் இன்று. தெளிவாக இருக்கிற நாட்கள்தான் எனக்கு அதிகம் களைப்பைத் தருகின்றன. மங்கலான நாளில் நான் எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டுவிடுவேன், சட்டைப் பொத்தானிலிருந்து கேட் பூட்டுவரைக்கும். தெளிவான நாளில் எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒவ்வொரு நிமிடமும் நிறுத்துப் பார்க்க வேண்டும். வாசலில் எங்களைப் பார்த்ததும் சம்சுதீன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தான். நாற்பது வயசு இருக்கும், கடை போட்ட புதிதில் புரியாத எஞ்சினையெல்லாம் சாயங்காலம் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து அவரிடம் காட்டிவிட்டுப் போவான். "ஃபோர்மேன் ஐயாவே வண்டியத் தள்ளிட்டு வர்றாருன்னா கலி முத்திருச்சுங்க," என்றான். "ஆயில் ஒழுகுதுடா." "உங்க வீட்ல நிக்கற வண்டிக்கு ஒழுகறதுக்குத் தைரியம் இருக்குதுங்களா?" "கண்ணு செரியாத் தெரியறதில்ல சம்சு. நீயே பாரு." கண் தெரியவில்லை என்று சொன்னார். இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று, எதிர்வீட்டு மாடியில் காயும் துணியில் எது கிழிந்திருக்கிறது என்றுகூடச் சொல்வார்.

ஒழுகட்டும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் பால் வாங்கப் போவதற்கு முன் போர்ட்டிகோவுக்குப் போய் வண்டிக்கு அடியில் கிடக்கும் அட்டையைப் பார்ப்பேன். கறுப்பாக, பளபளப்பாக, நேற்றைவிட ஒரு விரலளவு அகலமாக இருக்கும். அதைப் பார்த்தபின் மனப் பாரம் கொஞ்சம் இறங்கும். சொட்டு நிற்காதவரைக்கும் வண்டி வெளியே போகாது. அந்த மனிதருக்கு ஒழுகுகிற வண்டியை ரோட்டில் எடுத்துப்போவது அழுக்கு வேட்டியோடு கல்யாணத்துக்குப் போவது மாதிரி. மாசி மாதம் ஒருநாள் அவர் பின்னால் உட்கார்ந்து வந்தேன். ஸ்கூல் வேன் ஒன்று ஓரமாக நின்றது. அதன் மறைவிலிருந்து நீல டை கட்டிய ஒரு குழந்தை, ஆறு வயதிருக்கும், தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குறுக்கே வந்தது. வண்டியின் வேகம் குறையவில்லை. குறையும் குறையும் என்று காத்திருந்தேன், எத்தனை வருடம் அந்த முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன், அந்தத் தோள் எப்போது இறுகும் என்று எனக்குத் தெரியும், இறுகவில்லை. கத்தினேன். பிரேக் பிடித்தார். குழந்தையின் பாட்டில் கீழே விழுந்து உருண்டது, அவ்வளவுதான், குழந்தை அழக்கூட இல்லை. "எதுக்குக் கத்துன?" என்று என்னிடம் கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். அந்தக் கேள்விதான் அன்றிலிருந்து எனக்குள் நடந்துகொண்டே இருக்கிறது. பிறகு ஒருநாள் அரிசி மாவு வாங்கப் போனவர் நான்கு மணி நேரம் கழித்து வந்தார். டேங்க் காலி, மாவு இல்லை, செருப்பில் ஈரச் சேறு. எந்தக் குளத்தங்கரைக்குப் போனாரோ. டாக்டர் சின்னப் பெண், எங்கள் மகள் பூங்கொடியைவிட இளையவள். அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "வண்டி வேண்டாம்மா. அவருக்காக மட்டும் சொல்லலை. ரோட்ல போறவங்களுக்காகவும் சொல்றேன்." தலையாட்டினேன். வெளியே வந்தபோது, "என்ன சொல்லுது அந்தப் புள்ள?" என்று கேட்டார். "நல்லா இருக்கீங்கன்னு சொல்லுது," என்றேன். ஓசூரிலிருந்து பூங்கொடி ஃபோனில் சொல்கிறாள், வித்துரும்மா, ஒரு வாரம் கேப்பாரு, அப்புறம் மறந்துருவாரு. மறந்துவிடுவார் என்பதைத்தான் அவள் தீர்வாகச் சொல்கிறாள். அவர் எதை மறந்தாலும் அதை மறக்க மாட்டார் என்று நான் சொல்லவில்லை. மறந்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது என்றும் சொல்லவில்லை. வண்டியும் போய்விட்டால் அந்த வீட்டில் மருதாசலம் என்று எதைக் காட்டுவது.

ஆகவே இங்கே வரும் வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைக் கட்டிக்கொண்டு வந்தேன். தம்பி, இது சரியாகாதுன்னு அவர்கிட்ட சொல்லிருங்க. சாமான் கிடைக்கிறதில்லைன்னு சொல்லிருங்க. இல்லை, எஞ்சின் போயிருச்சுன்னு சொன்னால்? எஞ்சின் போய்விட்டது என்றால் அவரே பிரித்துப் பார்க்க உட்கார்ந்துவிடுவார். சாமான் இல்லை என்பதுதான் சரி. கம்பெனிக்காரன் நிறுத்திட்டான். சம்சுதீன் வண்டியை வலப்பக்கம் சாய்த்து ஒரு கட்டைமேல் நிறுத்தி, கியர் லிவரைக் கழற்றி, இடது பக்க மூடியைத் திறந்தான். உள்ளே எண்ணெயும் மண்ணும் குழைந்து கறுப்புக் களி. அதை வழித்து எடுத்துப் போட்டான். "பாருங்கம்மா, கேழ்வரகுக் களியாட்ட இருக்குது." சிரித்தேன். சிரித்தபடி வாக்கியத்தைப் பார்த்துக்கொண்டேன், அது அப்படியே இருந்தது. அப்போது அவர் எழுந்தார். "டீ வாங்கிட்டு வர்றேன்." "நான் போறேனுங்க." "எதுக்கு? நீ உக்காரு லைப்ரரி." டீக்கடை எதிர்ச்சாரியில், இங்கிருந்து இருபது எட்டு. அவர் தெருவைக் கடக்கும்வரை பார்த்தேன், கடைக்காரனிடம் ஏதோ சொல்வதைப் பார்த்தேன், அங்கே இருக்கிற பெஞ்சில் கையூன்றி நிற்பதைப் பார்த்தேன். இப்போது சொல்ல வேண்டும். "தம்பி," என்றேன். "சொல்லுங்கம்மா." வாக்கியம் தொண்டைக்கு வந்து புரண்டு படுத்துக்கொண்டது. "இது சரியாகலேன்னாலும் பரவால்ல தம்பி," என்றுதான் வெளியே வந்தது. அவன் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "என்னங்கம்மா இப்படிச் சொல்லிட்டீங்க? ஆயில் சீல் மாத்தறதெல்லாம் ஒரு வேலைங்களா? அரை மணி நேரம். ஐயா முன்னாடி உக்காந்துட்டு நான் ஆகாதுன்னு சொன்னா, கடைய மூடிட்டுப் பொரி விக்கப் போடாம்பாரு." "இல்ல, வயசாச்சு, இனி எதுக்கு வண்டின்னு." "ஐயாவுக்கா வயசு? அவரு தள்ளிட்டு வந்த வேகத்துக்கு நானெல்லாம் நடக்க முடியாதுங்க." இன்னும் ஒரே ஒரு வாக்கியம் போதும். அவருக்கு மறதி வந்திருக்கு தம்பி. நான்கு சொல். சொன்னால் இவன் வேலையை நிறுத்திவிடுவான், எனக்குத் தெரியும், நல்ல பையன். ஆனால் அதற்குப் பிறகு அவரைப் பார்க்கிற பார்வையும் மாறிவிடும். வாங்க ஃபோர்மேன் ஐயா என்பது வாங்கய்யா, பாத்து வாங்க, படி இருக்கு என்று ஆகிவிடும். இந்த ஊரில் அவரை இன்னும் அந்தப் பழைய கண்ணால் பார்க்கிறவன் இவன் ஒருத்தன்தான். நானே அப்படிப் பார்த்து எத்தனை நாளாயிற்று. இதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் திரும்பி வந்துவிட்டார், ஒரு கம்பிக் கூடையில் நான்கு கிளாஸ். எனக்கு ஒன்று, சம்சுதீனுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. நான்காவதைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குள் எட்டிப் பார்த்தார். "சிவலிங்கம் எங்க போனான்?" சிவலிங்கம் பம்ப் கம்பெனியில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர். செத்துப் பன்னிரண்டு வருடம். சம்சுதீன் நிமிர்ந்தான். "அது எனக்குங்க," என்றேன். "காலைல ஒழுங்காக் குடிக்கல." இரண்டு டீயையும் குடித்தேன். இரண்டாவது ஆறிப்போய், ஆடை படிந்து, நாக்கில் துணிபோல் ஒட்டியது.

செயினைக் கழற்றினான். பல் சக்கரத்தைக் கழற்றினான். தண்டு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் கழுத்தைச் சுற்றி அந்த வளையம், அதன் கீழ் உதட்டிலிருந்து ஒரு சொட்டு உருண்டு தொங்கியது. மூன்று வாரமாக நான் காலையில் தேடிப் போகிற சொட்டு, பிறக்கிற இடத்தில் இப்போதுதான் அதைப் பார்க்கிறேன். சம்சுதீன் டார்ச்சை அடித்துப் பார்த்தான். முகத்தைக் கிட்டக் கொண்டுபோனான். "அட," என்றான். பிறகு ஒரு ஸ்க்ரூ டிரைவரை உள்ளே கொடுத்து நெம்பி, வளையத்தை எடுத்து, கட்டைவிரலால் துடைத்து, வெளிச்சத்தில் காட்டினான். "எந்தக் கேனப் பையனுங்க இதப் போட்டது? திருப்பிப் போட்டிருக்கான். பாருங்க, ஸ்பிரிங் இருக்கிற பக்கம் உள்ள எண்ணெயப் பாத்து இருக்கணும். இது ரோட்டப் பாத்துட்டு இருக்குது. புதுச் சீலுங்க, கிழியல, ஒண்ணும் ஆகல, திருப்பிப் போட்டுட்டான், அவ்வளவுதான். வேலைக்கு வந்து ஒரு வாரம் ஆனவன்கூட இத மாத்திப் போட மாட்டானே." மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் போர்ட்டிகோவில் உட்கார்ந்து அதைப் போட்டார். பழைய சீல் தேய்ந்து லேசாகக் கசிந்துகொண்டிருந்தது, கடைக்குப் போய்த் தானே புதியது வாங்கி வந்தார். அரை மணி வேலை சாயங்காலம்வரை இழுத்தது. நான் உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். டொக், டொக், டொக், பிறகு அந்த டக், என் காதில் விழுந்தது, அப்பாடா உட்கார்ந்துவிட்டது என்று நினைத்தேன். உட்கார்ந்தது உண்மைதான். எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தது என்று சத்தத்தில் தெரியாது. மறுநாள் முன்னைவிட மோசமாக ஒழுகியது. வண்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கடைக்காரன் டூப்ளிகேட்டக் குடுத்துட்டான்," என்றார். கம்பெனியில் ஒரு நாளைக்கு நூறு சீல் போட்ட கை. கண்ணைக் கட்டிவிட்டாலும் விரல் நுனி ஸ்பிரிங்கைத் தேடிக் கண்டுபிடிக்கும். ஸ்பிரிங் எண்ணெயைப் பாக்கணும், மொக்கைப் பக்கம் வெளிய பாக்கணும், புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் தூக்கத்திலும் சொல்வார். "யாருங்கய்யா போட்டது?" என்று சம்சுதீன் மறுபடி கேட்டான். கம்ப்ரஸர் ஓடவில்லை. மருதாசலம் அந்த வளையத்தை வாங்கிப் பார்த்தார். "தெரியலயே," என்றார். "எவனோ மடப்பய."

அதிலேயே நின்றுவிட்டேன். சம்சுதீன் தண்டைத் துணியால் துடைக்கிறான், நகத்தால் நிரடிக் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறான், ஐயா தண்டு நல்லா இருக்குதுங்க என்கிறான், இதெல்லாம் நடக்கிறது, நான் எவனோ மடப்பய என்பதைவிட்டு நகரவில்லை. பொய்யா, மறதியா. பொய் என்றால் அவர் இருக்கிறார். பொய் சொல்ல ஆள் வேண்டும், வெட்கப்பட ஆள் வேண்டும், அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவில் இருக்க வேண்டும், அதை மறைக்க வேண்டும் என்று தோன்ற வேண்டும். மறதி என்றால் அந்த நாள் முழுக்க அவர் உட்கார்ந்திருந்த தரை மட்டும்தான் மிச்சம். பொய்யாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கல்யாணமான புதிதில் இந்த மனிதர் பொய் சொல்கிறாரா என்று எத்தனையோ முறை சந்தேகப்பட்டிருக்கிறேன், ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு சினிமாவுக்குப் போன நாட்கள், பொய் சொல்லும்போது இடது காது மடலைத் தடவுவார், அது தெரிந்தபின் பிடிப்பது சுலபமாக இருந்தது. இப்போது காதைத் தடவினாரா? பார்க்கவில்லை. நான் வளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்திருக்க வேண்டும். ஒரு விநாடி முன்னால் நிமிர்ந்திருந்தால் தெரிந்திருக்கும். "நாந்தான் தம்பி," என்று என் குரல் சொல்லிக்கொண்டிருந்தது, "இவரு ஓசூர் போயிருந்தப்ப வேற ஒரு கடையில குடுத்தேன்." "அப்படிச் சொல்லுங்கம்மா. அதான் பாத்தேன். இனி இங்க வாங்க, ஏன் கண்டவன்கிட்டப் போறீங்க." மருதாசலம் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏ லைப்ரரி, எந்தக் கடையில குடுத்த? சொல்லு, போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்." பாதி சிரிப்பு. இதுவும் நடிப்பாக இருக்கலாம். நான் எடுத்துக் கொடுத்ததை அவர் வாங்கிக்கொண்டு விளையாடலாம், நாற்பத்தாறு வருடமாக அப்படித்தானே. இல்லாமலும் இருக்கலாம். "அவன் கடையக் காலி பண்ணிட்டுப் போயிட்டானுங்க," என்றேன். "போகட்டும், தொலையட்டும்," என்றார்.

சம்சுதீன் அலமாரியிலிருந்து புதுச் சீல் ஒன்றை எடுத்து, உறையைப் பல்லால் கிழித்தான். நேராக வந்து அதை அவர் உள்ளங்கையில் வைத்தான். "ஐயா, நீங்க போடுங்க. உங்க கையால தட்டி எத்தன நாளாச்சு, நானும் பாக்கறேன்." மரியாதை. கோயிலில் பெரியவருக்கு முதல் தீபாராதனை காட்டுவது மாதிரி. வேண்டாம் தம்பி என்று சொல்ல வாயெடுத்தேன், என்ன காரணம் சொல்வது. அவர் டின்னை இழுத்துப் போட்டு வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு விரலால் எண்ணெய் தொட்டு வளையத்தின் உள் உதட்டில் தடவினார். அது சரியாக இருந்தது, அந்த விரல் சுற்றிய விதம், எத்தனை ஆயிரம் தடவை சுற்றிய விரல். பிறகு வளையத்தைத் தண்டுக்கு நேரே கொண்டுபோனார். நிறுத்தினார். திருப்பினார். மறுபடி திருப்பினார். சம்சுதீன் முதுகைக் காட்டிக்கொண்டு தட்டுவதற்குச் சரியான அளவில் ஒரு குழாய்த் துண்டைத் தேடிக்கொண்டிருந்தான், இரும்புச் சாமான்களுக்குள் கையை விட்டுக் கலக்கிக்கொண்டே ஏதோ பேசிக்கொண்டிருந்தான். மருதாசலம் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். வளையம் இரண்டு விரலுக்கிடையில், ஸ்பிரிங் என்னைப் பார்த்தபடி. அவர் கண்ணில் இருந்தது கேள்வி. அதை என்னால் வேறு எதுவாகவும் படிக்க முடியாது. எந்தப் பக்கம் அம்மிணி? நான் ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும். அவர் அப்படியே போட்டால் ஒழுகும், அட்டையில் மறுபடி கறை, வண்டி நிற்கும், நீல டை கட்டிய குழந்தைகள் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடப்பார்கள். அல்லது சம்சுதீன் இப்போதே திரும்பிப் பார்ப்பான், பார்த்ததும் அந்தக் கேனப் பையன் யார் என்று அவனுக்குத் தெரிந்துவிடும், இன்னொரு வார்த்தை நான் சொல்ல வேண்டியிருக்காது, அதோடு எல்லாம் முடியும். எல்லாம் எனக்குத் தெரிந்தது. டாக்டர் சொன்னதும் தெரிந்தது. அவருக்காக மட்டும் சொல்லலை. மடியில் மல்லாந்து கிடந்த என் வலது கை கவிழ்ந்தது. நான் கவிழ்த்தேன் என்று சொல்வதுதான் நியாயம். உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்தேன், மெதுவாக, முழங்காலைத் தேய்த்துக்கொள்வதுபோல. அவர் வளையத்தைத் திருப்பினார். ஸ்பிரிங் உள்ளே போனது.

சம்சுதீன் குழாயைக் கண்டுபிடித்துக் கொடுத்தான். அவர் தட்ட ஆரம்பித்த நேரத்தில் பக்கத்துக் கடையில் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியது. கை மேலும் கீழும் போவது தெரிந்தது, குழாயின் தலை அதிர்வது தெரிந்தது, சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. எப்போது நிறுத்துவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் கேட்டிருக்காது. ஆனாலும் சரியான இடத்தில் நிறுத்தினார், விரலால் விளிம்பைச் சுற்றித் தடவினார், கை எழுந்து எண்ணெயோடு இடது காது மடலுக்குப் போய்த் தடவிவிட்டுக் கீழே வந்தது. காதில் கறுப்பாக ஒரு தீற்றல். அரிப்பாக இருக்கலாம். ஈ உட்கார்ந்திருக்கலாம். "பாத்தீங்களாம்மா," என்று கம்ப்ரஸரை மீறிச் சம்சுதீன் கத்தினான், "இதுதான் ஃபோர்மேன் கை!" அவர் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். சக்கரம், செயின், மூடி, கியர் லிவர், எல்லாம் கழன்ற வரிசைக்குத் தலைகீழாக ஏறின. புது எண்ணெய் தேன்போல இறங்கியது. ஸ்டார்ட் செய்து ஓடவிட்டு, அடியில் ஒரு வெள்ளை அட்டையைப் போட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தோம். நானும் குனிந்து பார்த்தேன், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. ஒரு சொட்டு விழட்டும். ஒரே ஒரு சொட்டு. இவ்வளவு ஆசையோடு நான் எந்தக் காகிதத்தையும் பார்த்ததில்லை. அட்டை வெள்ளையாகவே இருந்தது. "ஏறு லைப்ரரி," என்றார். வளைந்த காலுள்ள நாற்காலியிலிருந்து எழுந்து, பையைத் தோளில் மாட்டி, அவர் தோளைப் பிடித்து ஏறினேன். தோள் வெயிலில் சுட்டது. இனி இவர் எங்கே போனாலும் பின்னால் நானும் போவது என்று தீர்மானித்தேன். கத்துவதற்காவது. ஒரு நாளும் தனியாக விடுவதில்லை. சந்து முனையில் வந்ததும் வேகத்தைக் குறைத்து, எந்தப் பக்கமும் திரும்பாமல், வண்டியை நிறுத்தினார். எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. "வலது பக்கமுங்க," என்றேன். "தெரியும்," என்றார்.

அது ஆனி மாதம். ஆடி பதினாறாம் தேதி காலை நான் பல் டாக்டரிடம் போயிருந்தபோது அவர் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு போய், ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் நுழைந்து, மில்லில் ஷிப்ட் முடிந்து ரோட்டைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெண்ணை இடித்துவிட்டார். அவருக்குக் கீறல்கூட இல்லை. அந்தப் பெண் பெயர் கோகிலவாணி, அப்போது இருபத்தாறு வயது. இடுப்பிலும் வலது தொடையிலும் மூன்று ஆபரேஷன் நடந்தது. மில் வேலை போய்விட்டது. இப்போது பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறாள். நின்றுகொண்டு செய்கிற வேலை எதையும் அவளால் செய்ய முடியாது.